மூன்றாவது சிலிண்டரும் என் அம்மாவும்

ஓமலூரிலிருந்து என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு காரிமங்கலத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வரும்போதுதான், தொப்பூர் மேட்டில் அந்தப் பேச்சு வந்தது. கார் இழுக்கவில்லை. பாரம் ஏற்றிய லாரிகள்கூட எங்களை முந்திப் போயின. ஏசியை அணைத்துப் பார்த்த என் வீட்டுக்காரர், கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்து, "லோடு ஜாஸ்தி, அதான்" என்றார். பையன் முன்னால் என் மடியில் இருந்தான். பின்சீட்டில் இருந்தது அம்மா மட்டும்தான்.

என் அம்மா கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்புக்காரி. அதைச் சொல்லிக்காட்ட என்னைத் தவிர யாருக்கும் உரிமை கிடையாது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் இறங்கினாள். "நான் என்ன ராகி மூட்டையாங்க மாப்ள?" என்று கேட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் போய் பஸ் பிடித்து ஊருக்குத் திரும்பிவிட்டாள். அதோடு சரி. பையனின் காதுகுத்துக்கும் வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினாள். என் அம்மா இல்லாமல் என் பையனுக்குக் காது குத்துவதா? நான் இவரோடு பேசுவதை நிறுத்தினேன்.

இவரா லேசில் ஒப்புக்கொள்வார்? பெட்ரோல் சரியில்லை என்றார், பிளக்கை மாற்றினார். அம்மா ஏறாத நாளிலும் வண்டி நின்ற இடத்தில் நடுங்கியது, நீலமாகப் புகை விட்டது. கடைசியில் தர்மபுரி மெக்கானிக், இன்ஜினில் ஏதோ ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன், அதாவது அழுத்தம், குறைகிறது போல, அளந்தால்தான் தெரியும் என்றார். நான் உடனே அம்மாவுக்கு போன் போட்டேன்.

அளக்கிற நாளில் எங்களுக்கு முன்னாலேயே அவள் பட்டறையில் வந்து உட்கார்ந்திருந்தாள், பஸ்ஸில்தான். மெக்கானிக் நான்கு பிளக்கையும் கழற்றி, ஒரு ஓட்டையில் அழுத்தம் காட்டும் கேஜைத் திருகினார். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பும்படி இவரிடம் சொன்னார். அதற்குள் அம்மா பின்கதவைத் திறந்து ஏறிவிட்டாள். நிற்கிற வண்டிதானே, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று மெக்கானிக் எடுத்துச் சொன்னார்.

"இருக்கட்டுங்க. என்னை வெச்சி ஒருக்கா பாருங்க, எறக்கிவுட்டு ஒருக்கா பாருங்க" என்றாள்.

பார்த்தார். மற்ற மூன்றிலும் முள் நன்றாக ஏறியது. மூன்றாவது சிலிண்டரில் மட்டும் பாதியில் நின்றுவிட்டது. அம்மா இறங்கினாள். மறுபடி அளந்தார். அதே பாதிதான். அந்த ஓட்டையில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலை விட்டு அளந்ததும் முள் விறுவிறுவென்று ஏறியது. ஆயில் இடுக்கை அடைத்ததால் ஏறுகிறது, அப்படியென்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றார்.

"அப்ப என்னால இல்லீங்களே?"

"நீங்க ஏறாட்டியும் இப்பிடித்தாங்கம்மா தெணறும்."

அம்மா இவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தாள். காரைப் பட்டறையில் விட்டுவிட்டு நாங்களும் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். சேலம் பஸ் முதலில் வந்தது. அவள் படியில் கால் வைத்தபோதுதான் இவருக்கு வாய் வந்தது. "அத்தை, நான் சொன்னது தப்புங்க. காதுகுத்துக்கு வந்துருங்க."

அம்மா காலைக் கீழே வைத்தாள். தன் பெரிய பையை இவர் கையில் கொடுத்தாள். ஒரு வாரத்துக்கு வேண்டிய துணியையும் பேரனுக்குச் சீர் வைக்கப் பித்தளைப் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். பையின் கனத்தில் இவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். லோடு என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுக்கவில்லை. அந்த மனுஷன்மேல் எனக்கு அப்போது வந்த பிரியம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.