இடது பக்கமே இழுத்த அறுவடை வண்டி: கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு துப்பறியும் பயணம்

பொங்கலுக்குக் கட்டிய கரும்பு வாசலில் இன்னும் காய்ந்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை, உலகத்தின் மாபெரும் பயணிகள் எவருக்கும் துணிச்சல் வராத ஒரு பயணத்தை நான் மேற்கொண்டேன். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம். தூரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர். நோக்கம், ஒரு மனிதரின் வாயை முகர்ந்து பார்ப்பது. நடராஜர் தரிசனம், பிச்சாவரம் படகு என்று ஆசையோடு படிக்க வந்தவர்கள் மன்னிக்கவும்.

என் மனைவியின் தம்பி குமரவேல் போன வருடம் ஒரு பழைய நெல் அறுவடை வண்டியை வாங்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கிறான். பெல்ட் வண்டி. டயருக்குப் பதிலாக இரண்டு பக்கமும் பல் வைத்த அகலமான ரப்பர் பெல்ட் ஓடும். பனி நாடுகளில் பனிமேல் ஓடுகிற வண்டிக்கும் அடியில் இப்படித்தான் ஒரு பெல்ட் இருக்குமாம். அங்கே பனி, நமக்குச் சேறு. டயர் புதைகிற வயலிலும் இது மிதந்துகொண்டு போகும். ஓட்டுகிறவர் ஆத்தூர் முருகேசன்.

இந்த வண்டி ஒரு வாரமாக ஈர வயலில் நேராகப் போகவில்லை. இடது பக்கமாக வளைந்து வளைந்து போகிறது. போகிற வழியில் கதிரைக் கொத்துக் கொத்தாக விட்டுவிடுகிறது. போதாததற்கு நத்தை வேகம். வாடகை மணிக்கணக்கு என்பதால், வயல்காரர்கள் எல்லோருக்கும் சந்தேகம். மச்சான் போனில் அழாத குறை.

"மாமா, இவன் காலங்காத்தாலயே ஊத்திக்கினு வரான் போல. ஆனா கிட்ட போனா வாசனையே வரல. நீங்க வந்து ஒரு வாட்டி மோந்து பாருங்க. உங்க மூக்குக்குத் தப்பாது."

என் மூக்கின் புகழ் அப்படி. நாலாவது தெருவில் குழம்பு கொதித்தால் அதில் உப்பு குறைவா என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன். ஆனால் கிளம்பும்போது என் மனைவி தனியாகக் கூப்பிட்டு, "என்னங்க, அப்படியே எந்தம்பி குடிக்கிறானான்னும் பாத்துட்டு வந்துடுங்க" என்றாள். ஆக, நான் இரட்டை உளவாளி.

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் பெரியது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வேறு ஒரு டிரைவர் ஆத்தூரில் பையைக் கட்டிக்கொண்டு மச்சானின் போனுக்காகக் காத்திருக்கிறார். முருகேசன் குடிகாரன் என்ற பெயரோடு இறங்கினால், இந்தத் தை மாசி முழுக்க ஒருவரும் அவர் கையில் வண்டியைத் தரமாட்டார்கள். அறுவடை வண்டி டிரைவருக்கு வருடமே அந்த இரண்டு மாதம்தான்.

காலை ஆறரைக்குக் கடலூர் பஸ் நிலையத்தில் ஏறினேன். டிக்கெட் நாற்பது ரூபாய் சொச்சம். கண்டக்டர் சில்லறையை அவராகவே சரியாகக் கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்காமல் கொடுக்கிறார் என்றால் எங்கேயோ இடிக்கிறது. புதுச்சத்திரம் வரை அவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவரும் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். எட்டு மணிக்குச் சிதம்பரம். கீழ வீதிப் பக்கம் ஒரு ஓட்டலில் நான்கு இட்லி, கத்தரிக்காய் கொத்சு. மூன்று முறை கொத்சு வாங்கினேன். இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.

அங்கிருந்து கிள்ளை சாலையில் எட்டுக் கிலோமீட்டர். ஆட்டோ இருநூற்றைம்பது ரூபாய்.

"வயலுக்கா சார்? மனை ஏதாச்சும் பாக்கறீங்களா?" என்று ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னை அளந்தார்.

"அறுவடை வண்டி பாக்கப் போறேன்."

"அந்தக் குடிகார டிரைவர் வண்டியா?"

ஆட்டோ வரைக்கும் செய்தி வந்துவிட்டது. முருகேசனின் பெயர் முருகேசனைவிட வேகமாகப் போகிறது என்று குறித்துக்கொண்டேன்.

வயலுக்குச் சொந்தக்காரர் ராஜலட்சுமி அம்மா. இரண்டு ஏக்கர் சம்பா நெல். பொங்கலுக்கு முன் பெய்த மழையில் பாதி சாய்ந்து கிடந்தது. அடியில் சேறு. மேலே மறுபடியும் மேகம். முந்தாநாள் அறுத்த பகுதியில் வண்டி போன தடம், பாம்பு நடனமாடிய மேடை மாதிரி இருந்தது.

மச்சானோடு முருகேசன் வரப்பில் நின்றிருந்தார். ஒல்லியான ஆள், தலையில் சிவப்புத் துண்டு. ராஜலட்சுமி அம்மா என்னைக் கண்டதும், "நீங்கதான் மோந்து பாக்க வந்தவரா? வாங்க சார். நான் தெனம் பாக்கறேன். ஊதுய்யா" என்றார்.

முருகேசன் என் முகத்துக்கு நேராக ஊதினார். பீடி, வெற்றிலை, நேற்றைய மீன் குழம்பு. வேறொன்றும் இல்லை. பேச்சு சாக்கில் மச்சானிடமும் நெருங்கி மூச்சு இழுத்தேன். பற்பசை. என் சந்தேகம் இரட்டிப்பானது. வாசனை இல்லாத சரக்கு வந்திருக்குமோ?

"வண்டிதான் சார் இழுக்குது" என்றார் முருகேசன். "நான் சொன்னா யாரும் நம்ப மாட்றாங்க. கியர்பாக்ஸ்ல ஏதோ கோளாறு."

"ஒர்க் ஷாப்ல பாத்தாச்சு மாமா" என்று மச்சான் பாய்ந்தான். "தார் ரோட்டுல ஓட்டிப் பாத்தாங்க. நூல் புடிச்ச மாதிரி நேரா போச்சு. ரோட்டுல நேரா போற வண்டி இவர் வயல்ல எறக்கனா மட்டும் வளையுது. அது எப்படி?"

நியாயமான கேள்வி. முருகேசன் தலையைக் குனிந்துகொண்டார். ராஜலட்சுமி அம்மா மேகத்தைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குள் இருந்த மாவீரன் விழித்துக்கொண்டான். இருபத்திரண்டு வயதில் டிராக்டரை வைத்துத் தரையில் என் கையெழுத்தையே போட்டவன் நான். "எறங்குங்க. நான் ஓட்டறேன்" என்றேன்.

முருகேசன் பக்கத்தில் தொற்றிக்கொண்டு லீவர்களைக் காட்டினார். வலது லீவரை இழுத்தால் வலது பெல்ட் நிற்கும், வண்டி வலது பக்கம் திரும்பும். இடதுக்கும் அப்படியே. எதையும் தொடாமல் விட்டால் நேராகப் போக வேண்டும். அறுத்து முடித்த பகுதியில், எதிர் வரப்பில் நின்ற ஒற்றைப் பனைமரத்தைக் குறிவைத்துக் கிளப்பினேன். எதையும் தொடவில்லை. சத்தியமாக.

பனைமரம் மெதுவாக என் வலது பக்கம் நகர்ந்துகொண்டே போனது. பிறகு வேலி வந்தது. பிறகு ஒரு வேப்பமரம். பிறகு வாய்க்கால். முருகேசன் கியரைத் தட்டியிருக்காவிட்டால், நெல்லோடு மீனையும் அறுத்த முதல் தமிழன் என்று என் பெயர் நிலைத்திருக்கும்.

இறங்கினேன். ராஜலட்சுமி அம்மா என் எதிரே வந்து நின்றார். "சார், ஊதுங்க."

ஊதினேன்.

"கொத்சுதான் மணக்குது" என்றார். பிறகு முருகேசனைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். அந்த நிமிடம் வரை அந்த வயலில் யாரும் வண்டியைச் சந்தேகப்பட்டுப் பார்த்திருக்கவில்லை.

நான் தடத்தைப் பார்த்தேன். வலது தடத்தில் ரப்பர் பல்லின் பதிவு அச்சில் வார்த்த செங்கல் போலத் துல்லியமாக இருந்தது. இடது தடம் பூரிக்கட்டையால் தேய்த்த மாதிரி வழவழவென்று இழுபட்டிருந்தது. குனிந்து பெல்ட்டைத் தடவினேன். வலதில் பல் என் கட்டை விரல் உயரத்துக்கு நின்றது. இடதில் என் தலைமுடி மாதிரி, இருந்த இடம் மட்டும் தெரிந்தது.

"மச்சான், பெல்ட்ட எப்ப மாத்தின?"

"போன வாரம் மாமா. வலது பக்கந்தானே கிழிஞ்சுது, அத மட்டும் புதுசு போட்டேன். இடது இன்னும் ஓடுது. எதுக்கு ஜாஸ்தி செலவு?"

எஞ்சின் இரண்டு பக்கத்துப் பல்சக்கரத்தையும் ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. தார் ரோட்டில் இரண்டு பெல்ட்டும் வழுக்காது, அதனால் நேராகப் போகிறது. சேற்றில் புதுப் பல் மண்ணைக் கடித்து முன்னே தள்ளுகிறது. தேய்ந்தது சுற்றுகிறதே தவிர, பாதித் தூரம் வழுக்குகிறது. ஒரு காலில் புது ஷூவும் மறுகாலில் தேய்ந்த ரப்பர் செருப்பும் போட்டுக்கொண்டு சேற்றில் ஓடினால் எந்தப் பக்கம் விழுவோமோ, அந்தப் பக்கம் வண்டி போகிறது. அதை நேராக்க முருகேசன் நிமிடத்துக்கு நாலு தடவை வலது லீவரை இழுத்து, நன்றாக இழுக்கிற பெல்ட்டையே நிறுத்த வேண்டியிருக்கிறது. பெரிய கியர் போட்டால் தேய்ந்த பக்கம் இன்னும் வழுக்கும், அதனால் சின்னக் கியர். நத்தை வேகத்தின் ரகசியம் இவ்வளவுதான். கியர்பாக்ஸ் பாவம், முருகேசனைப் போலவே கெட்ட பெயர் வாங்கியது.

இதே காரியமாகப் போக நினைப்பவர்களுக்கு: தை மாதம் சிதம்பரத்தில் காலையிலேயே இறங்கிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பஸ் நிலையத்தில் நெரிசல். ஆட்டோவுக்குத் திரும்பும் வாடகையையும் சேர்த்துப் பேசுங்கள். சேற்றுக்குச் செருப்பு வேண்டாம், வெறுங்கால்தான். பழைய பெல்ட் வண்டி வாங்குகிறவர்கள் இரண்டு பக்கப் பல்லையும் விரலால் அளந்து பாருங்கள், மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள், ரோட்டில் ஓட்டிக் காட்டினால் நம்பாதீர்கள், ஈர வயலில் இறக்கச் சொல்லுங்கள். வண்டி வளைந்தால் டிரைவர் வாயை முகர்வதற்கு முன் தடத்தைப் பாருங்கள். நான் முகர்ந்துவிட்டுத்தான் பார்த்தேன்.

கிளம்பும் முன் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மச்சான் ஆத்தூருக்குப் போன் போட்டு அந்தப் புது டிரைவரை வர வேண்டாம் என்றான். பிறகு முருகேசனிடம் வந்து, "தப்பா நெனச்சுக்காதீங்க, நாளைக்கு எடது பெல்ட்டும் வந்துடும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். முருகேசன் துண்டை அவிழ்த்து உதறி, மறுபடி கட்டிக்கொண்டார். அவசரமே இல்லை.

"ரெண்டு கால் இருக்கற வண்டிக்கு ஒரு கால மட்டும் மாத்தி வுட்டிருக்கீங்க. அது தெளிவா இருக்கறவன் பண்ற வேலையா மொதலாளி?" என்றவர், மச்சானின் முகத்துக்கு நேராக மூக்கைக் கொண்டுவந்தார். "எங்க, ஊதுங்க."

ராஜலட்சுமி அம்மாவும் கிட்டே வந்து நின்றுகொண்டார்.

மச்சான் ஊதினான்.