மேல்மாடத்தில் இரண்டு அடிக்குரல்கள்

போன மாதம் மகள் ஒரு வேலை சொன்னாள். பேரனை டேகேரிலிருந்து கூட்டி வர வேண்டும். பெர்க்லியில், மலைச்சரிவில் ஏதோ ஒரு முகவரி. சான் ரமோனிலிருந்து ஃப்ரீவே முழுக்க முனகிக்கொண்டே போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தால், கிரேயான் வாசனைக்கு அடியில் பழைய ரெட்வுட் மரத்தின் வாசனை. அண்ணாந்து பார்த்தேன். அதே கூரை. முன்பு அது ஒரு சின்னத் தேவாலயம். செல்வினோடு நான் கடைசியாகப் பாடியது அங்கேதான்.

செல்வினைச் சொல்வதற்கு முன் அந்தப் பாட்டைச் சொல்ல வேண்டும். நானூறு வருடத்துக்கு முந்தைய இத்தாலியத் தேவாலய இசை. பாடுகிறவர்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பலிபீடத்தருகே ஒரு குழு, வாசலருகே ஒன்று, மேல்மாடத்தில் ஒன்று. ஒன்று கேட்க மற்றொன்று பதில் சொல்லும். கடைசியில் மூன்றும் சேர்ந்து வரும்போது மண்டைக்குள் மணி அடிக்கும். வருடத்தில் ஒரு சனிக்கிழமை, ஆசைப்பட்டவர்கள் கூடி, காலையிலிருந்து சாயங்காலம் வரை இதைப் பாடுவோம், வாசிப்போம். கேட்க ஒருவரும் வரமாட்டார்கள், அதுவும் நல்லதுக்குத்தான். பல் டாக்டர் ஒருவர், கருப்புத் தோல் சுற்றிய வளைந்த மரக்கொம்பு ஒன்றை ஊதுவார். பிளம்பர் ஒருவர் பழைய பாணி டிராம்போன் என்கிற நீளப் பித்தளைக் குழலைக் கொண்டு வருவார். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. தப்பு விட்டால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம்மைப் பார்ப்பார். அதற்குப் பதில் இரண்டு திட்டு வாங்கிவிடலாம்.

நான் பாளையங்கோட்டைச் சர்ச் கொயரில் பாடி வளர்ந்தவன். எனக்கு அடிக்குரல், அதாவது பேஸ், என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையான அடிக்குரல் எது என்று செல்வின் வந்த பிறகுதான் தெரிந்தது. நாசரேத்துக்காரன், என் டீமில் வேலை பார்த்தான். ஆபீஸில் எல்லாரையும் போலப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். பார்க்கிங்குக்கு வந்துவிட்டால் அண்ணாச்சி. அவனுக்கு ஒரே ஒரு குறை. மற்ற குழுக்கள் பாடும்போது நாங்கள் இருபது முப்பது தாளம் சும்மா நிற்க வேண்டும். நாளெல்லாம் கம்ப்யூட்டரோடு மாரடிக்கிற அவனுக்கு அதை எண்ண வராது.

"நீங்க எண்ணுங்க அண்ணாச்சி, நான் ஒங்க வெரலப் பாத்துக்கிடுதேன்" என்பான். நாங்கள் நிற்கும் மேல்மாடத்தின் மரக்கைப்பிடியில் என் விரல் எழும்பினால் அவன் மூச்சு இழுப்பான்.

நாங்கள் கடைசியாகச் சேர்ந்து பாடிய அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின வியாழன், டீமில் ஒன்பது பேரில் இரண்டு பேரை நீக்க வேண்டும், பெயர் கொடு என்று மேலிடத்தில் கேட்டார்கள். ஒரு பெயரில் குழப்பமில்லை. இன்னொன்று செல்வினா, வேறொருவரா என்று வந்து நின்றது. வேலையில் செல்வின்தான் கெட்டிக்காரன். ஆனாலும் ஊர்க்காரனைக் காப்பாற்றினான் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்று செல்வின் பெயரைக் கொடுத்தேன். அதற்கு நேர்மை என்று அப்போது பெயர் வைத்திருந்தேன். திங்கள் வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு.

சனிக்கிழமை அவனை என் காரில்தான் கூட்டிப் போனேன். மதியம் பின்பக்கப் படியில் உட்கார்ந்து, அவன் மனைவி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைப் பிரித்தோம்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். ஹூஸ்டன்ல ஒரு கம்பெனி ஆஃபர் குடுத்திருக்கு. விசாவும் அவங்களே டிரான்ஸ்ஃபர் பண்ணுதாங்களாம். இன்னைக்குள்ள பதில் சொல்லணும். போவட்டுமா?"

நான் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நல்லா யோசிச்சு நீயே முடிவு பண்ணுப்பா. சம்பளம், ஸ்கூல் எல்லாம் பாக்கணும்லா."

அவன் சிரித்தான். "மேனேஜர் மாதிரி சொல்லுதிய. அண்ணாச்சியா சொல்லுங்க."

போ என்று ஒரு சொல் போதும். ஏன் என்றுகூட அவன் கேட்டிருக்க மாட்டான். நான் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

"பாப்பாக்கு ஸ்கூல் பிடிச்சுப்போச்சு. இந்தப் பாட்டும் அங்க கெடைக்காது. இருந்துருதேன்" என்றான். கையைக் கழுவிவிட்டு வந்து, என் எதிரிலேயே போனில் நாலு வரி அடித்து அனுப்பினான்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய பாட்டு, பன்னிரண்டு குரல். பதினாறு, பதினேழு என்று எண்ணிக்கொண்டிருந்தவன் எங்கேயோ விட்டுவிட்டேன். கீழே இரண்டு குழுக்களும் பாடி முடித்து எங்களுக்கு இடம் விட்டன. செல்வின் என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். விரல் எழும்பவில்லை. ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்களே விட்டுட்டியளா?" என்று என் காதருகே சொல்லிச் சிரித்தான். அன்றைக்கு அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தான்.

திங்கள்கிழமை பத்து நிமிடக் கூட்டம். எச்ஆர் பெண் காகிதத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். அவன் என்னைப் பார்த்தான்.

"சனிக்கிழமையே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சரி" என்றான்.

விசாவில் இருக்கிறவனுக்கு வேலை போனால் அறுபது நாள் கெடு; அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஹூஸ்டனில் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. மற்ற இடங்களிலும் கதவு திறக்கவில்லை. கெடு முடியப் போகிற நேரத்தில் போன் செய்தேன். அவன் மகள் எடுத்து, "டாட் இஸ் பிஸி, அங்கிள்" என்றாள். பின்னால் அவன் குரல் கேட்டது. எந்தப் பெட்டியில் எதை வைப்பது என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தான். சென்னைக்குப் போய்விட்டார்கள் என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

அடுத்த வருடம் மேல்மாடத்தில் தனியாக நின்றேன். "உங்கள் நண்பர் எங்கே?" என்று ஆசிரியை கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன், ஏதோ லீவில் போனது போல. அதோடு நானும் நிறுத்திவிட்டேன். ஆசிரியை மகன் வீட்டோடு போய்விட்டார். பல் டாக்டருக்கு முன்பல் இரண்டு போனதில் கொம்பு ஊத முடியாமல் ஆயிற்று என்று கேள்வி. ஆள் குறைந்து குறைந்து அந்தச் சனிக்கிழமையும் இல்லாமல் போனது.

இப்போது ஞாயிறு தமிழ் ஆராதனையில் எல்லாரும் எழுந்து பாடும்போது நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறேன். "ஏன் பாட மாட்டேங்கிறீங்க?" என்று மனைவி கேட்பாள். தொண்டை சரியில்லை என்பேன். "எட்டு வருஷமாவா?" என்றாள் ஒருநாள். கொஞ்ச நாளாக அவளும் கேட்பதில்லை.