பின் சீற்றின் நீல நூல்

தன்னுடைய காரைத் தானே இரண்டாம் தடவை விலை கொடுத்து வாங்கிய மனிதர் எருக்கலம்பிட்டியில் ஒருவர்தான் இருக்கிறார். சாஹுல் ஹமீட். அதையும் பழைய இரும்பு விலைக்கு வாங்கினார். சிரிப்பதா அழுவதா என்று அன்று அவருக்கே தெரியவில்லை.

நெல் வாங்கத்தான் அடம்பனுக்குப் போயிருந்தார். எழுபத்திரண்டு வயது, அடிக்கடி ஒன்றுக்கு ஒதுங்க வேண்டிய வயது. நெல் ஆலைக்குப் பின்னால் ஒதுங்கிய இடத்தில் ஒரு கார் கிடந்தது. கார் என்று சொன்னால் கார்களெல்லாம் கோபித்துக்கொள்ளும். சக்கரம் நாலும் இல்லை, கண்ணாடி ஒன்றும் இல்லை, முன் சீற்றில் கோழி அடை கிடந்தது. மூக்கைப் பார்த்தால் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ். அந்தக் காலத்தில் மன்னாரில் வாடகைக்கு ஓடியதில் பாதி அதுதானே, யாருடையதோ என்று திரும்பியவர் சும்மா ஒருதரம் உள்ளே எட்டிப் பார்த்தார். ஸ்டியரிங் வளையத்தில் ஒரு வெடிப்பு. வெடிப்பின் மேல் செப்புக் கம்பி நெருக்கி நெருக்கிச் சுற்றியிருந்தது. எண்பத்திரண்டாம் ஆண்டு தலைமன்னார் இறங்குதுறையில் கப்பலால் வரும் வாடகை ஆட்களுக்காகக் காத்திருந்த ஒரு மத்தியானத்தில் அந்தக் கம்பியைச் சுற்றியவர் அவரேதான்.

"என்ன ஐயா, கோழி பார்க்கிறியளோ?" என்று ஆலைக்காரர் கேட்டார்.

"கார என்ன விலைக்குத் தருவீங்க?"

ஆலைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். காணி வாங்கும்போதே அது அங்கே கிடந்ததாம். புத்தகமும் இல்லை, பத்திரமும் இல்லை. இரும்புக்காரன் வந்தால் கொடுக்கலாம் என்று வைத்திருந்தாராம். சாஹுல் ஹமீட்டுக்கு இது என்னுடையது என்று சொல்ல வாய் வந்தது, வந்த வாயை மூடிக்கொண்டார். முப்பத்துமூன்று வருடக் கதையை ஆலை முற்றத்தில் நின்று எங்கே தொடங்குவது?

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், முஸ்லிம் ஆட்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று இயக்கத்துக்காரர்கள் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஏன் என்று கேட்டவனுக்குப் பதிலில்லை. ஆளுக்கொரு பையோடு கடற்கரைக்கு வா என்றார்கள், அவ்வளவுதான். அன்று பின்னேரம் சாஹுல் ஹமீட் மனைவி நசீறாவையும் இரண்டு வயது மகள் பர்ஸானாவையும் ஏற்றிக்கொண்டு பேசாலைக்குப் போனார். அங்கே அவருடைய கூட்டாளி வின்சன்ட்டின் வலைக் கொட்டிலில் காரை விட்டுச் சாவியைக் கொடுத்தார். "ஒரு கிழமை, கூடினால் ரண்டு கிழமை" என்று இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வின்சன்ட்டின் மனைவி திரேசம்மா உள்ளே நசீறாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிள்ளை மட்டும் இறங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். முன் சீற்றில், தகப்பனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போவதென்றால் அவளுக்கு உயிர். அவர் ஹோர்னை அமத்துகிற ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் குழி விழச் சிரிப்பாள்.

வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போகும்போது மழை. பிள்ளைக்குக் காய்ச்சல். கரையேறி நாலாம் நாள் பர்ஸானா மவுத்தானாள். கடற்கரையில் ஓடித் திரிந்த மன்னார்ப் பிள்ளையை முன்பின் தெரியாத மணலில் அடக்கிவிட்டு, அந்தத் தாயும் தகப்பனும் ஓலைக் குடிசை ஒன்றில் உட்கார்ந்தார்கள். பிறகு புத்தளத்தில் மகன் ஷிராஸ் பிறந்தான், வளர்ந்தான், கட்டாருக்கும் போனான். சண்டை முடிந்து அவர்கள் ஊருக்கு வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. அலுமாரி நின்ற இடத்தில் உடைமரம் ஒன்று ஆள் உயரத்துக்கு நின்றது.

சாஹுல் ஹமீட் தேடியது அந்த அலுமாரியைத்தான். பர்ஸானாவை எடுத்த ஒரேயொரு படம் அதற்குள் இருந்தது. மன்னார் ஸ்ரூடியோக்காரன் தெருவுக்கு வந்து எடுத்தது: கேம்பிறிட்ஜின் பொனற்றில் பிள்ளை, பக்கத்தில் அவர். அன்றிலிருந்து மாதத்தில் ஒருதரமாவது சொல்லுவார்: "வீடு போனாப் போகட்டும் புள்ள. அந்தப் படம் ஒண்டு இருந்திருந்தாப் போதும். அவட முகத்த ஒருக்காப் பார்த்திட்டு மவுத்தாகலாம்." அப்போதெல்லாம் நசீறா எழுந்து குசினிக்குப் போய்விடுவாள். பெற்ற வயிறு, தாங்கவில்லையாக்கும் என்று அவரும் விட்டுவிடுவார்.

படம் கிடைக்காது. கார் கிடைத்துவிட்டது. பிள்ளை நின்ற சீற், பிள்ளை கைவைத்த கதவு. இதைச் சரிக்கட்டி ஓட்டிக்கொண்டு போய் நசீறாவின் வாசலில் நிறுத்த வேண்டும் என்று அடம்பனிலேயே முடிவெடுத்தார். அதுவரை அவளுக்கு ஒரு சொல் சொல்லக்கூடாது. இந்த ஆம்பிளைகளுக்கு ஒளித்து வைத்தால்தான் அன்பு காட்டியதாக நினைப்பு!

மன்னார் ரவுணில் சீவரத்தினத்தின் பட்டறைக்கு லொறியில் கார் வந்திறங்கியது. தகரம் தட்டுவது, பெயின்ற் அடிப்பது, குஷன் தைப்பது எல்லாம் சீவரத்தினமே செய்வான். காரைச் சுற்றி ஒரு வலம் வந்தான்.

"நானா, கோவிக்காதேங்கோ. இதில துருவை எடுத்தால் மிச்சம் என்ன இருக்கும்?"

"மிச்சமிருக்கிறத வச்சுச் செய் தம்பி."

பத்து மாதம். சும்மா சொல்லக்கூடாது, சீவரத்தினம் உயிரைக் கொடுத்துச் செய்தான். உப்புக்காற்று தின்ற அடித்தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தான். இறுகிக் கிடந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு ஒன்பது நாள் காத்திருந்தார்கள். பத்தாம் நாள் பிஸ்டன் ஒரு முனகலோடு அசைந்தபோது சாஹுல் ஹமீட் குழந்தைப்பிள்ளை மாதிரிக் கைதட்டினார். காபரேற்றரும் முன்விளக்கும் தேடிக் கொழும்புக்கு மூன்று தரம் பஸ் ஏறினார். பழைய வெளிர்நீல நிறம் சரியாக வரும்வரை நாலு தரம் பெயின்ற் கலக்க வைத்தார். செப்புக் கம்பியை மட்டும் தொடவிடவில்லை.

வீட்டில் நசீறாவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. லுஹர் தொழுதுவிட்டுப் போகிற மனிதர் மஃரிபுக்குத்தான் வருகிறார், சாரத்தில் கிறீஸ் மணக்கிறது.

"ஷிராஸ்ட வாப்பா, இந்த வயசில ரண்டாந்தாரம் கிண்டாரம் ஏதும் பார்த்திருக்கிறீங்களா? அவ என்ன, கராஜ் வச்சிருக்கிறாவோ?"

"பொறு புள்ள, கூட்டிக்கொண்டு வந்து காட்டுறன்" என்று அவரும் சிரித்தார்.

பின் சீற்றைக் கழற்றிய நாளைத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பழைய றெக்சின் வெடித்து, உள்ளே தும்பு உக்கி, எலி குடியிருந்து, நாற்றம் பட்டறை முழுக்க அடித்தது. சீவரத்தினம் அதை வெளியே இழுத்துப் புரட்டிப் போட்டான். அடிப்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் ஒன்று தெரிந்தது. நீல நூல். வலை பொத்துகிற நைலோன் நூல். மற்றதெல்லாம் உக்கிப் போக அது மட்டும் நேற்றுத் தைத்தது மாதிரி இறுக்கமாக நின்றது.

"இது கொம்பனித் தையல் இல்லையே, நானா."

சாஹுல் ஹமீட் குனிந்து பார்த்தார். விரலால் ஒருதரம் தடவியும் பார்த்தார். வலை நூல் என்றால் வேறு யார்? வின்சன்ட் வீட்டில் கிழிந்த சாரமும் வலை நூலில்தான் தைக்கப்படும். கொட்டிலில் நின்றபோது சீற் கிழிந்திருக்கும், பாவி மனிசன் என் காரையும் வலை மாதிரிப் பொத்தி வைத்திருக்கிறான் என்று நினைத்தார். வின்சன்ட் மவுத்தாகிப் பன்னிரண்டு வருடம். அவனை நினைத்துக் கண்கூடக் கலங்கினார்.

"பழசு ஏதும் வச்சிருக்கவோ?"

"ஒண்டும் வேணாம். எல்லாம் புதுசாப் போடு. அவ வந்து இருக்கேக்க இந்த நாத்தம் இருக்கக்கூடாது."

பட்டறைக்குப் பின்னால் குவித்து மண்ணெண்ணெய் தெளித்தார்கள். சீவரத்தினத்திடம் நெருப்புப்பெட்டி இல்லை. சாஹுல் ஹமீட் தன் மடியிலிருந்து எடுத்துத் தானே பற்றவைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து, பிஸ்மில்லாஹ் சொல்லிக் காரை எடுத்தார். கடல்நீருக்கு நடுவே ஓடுகிற தாம்போதியில் கடற்காற்று உள்ளே அடித்தபோது அவருக்கு மறுபடியும் முப்பத்தெட்டு வயது. ஒழுங்கைக்குள் திரும்பும்போது ஹோர்னை இரண்டு தரம் அமத்தினார். முன்னொரு காலத்தில் அது சோறு போடு என்பதற்கான அடையாளம். ஒழுங்கைப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். நசீறா வாசலுக்கு வந்து, முக்காட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"பாத்தியா? நம்மட கார்தான் புள்ள. சத்தியமா நம்மட கார். அந்தக் கம்பியப் பாரு!"

நசீறா கம்பியைப் பார்க்கவில்லை, பெயின்றையும் பார்க்கவில்லை. படியிறங்கி வந்து பின்கதவைத் திறந்தாள். மணலில் முழங்காலை ஊன்றி, முழங்கால்வலிக்காரி, பின் சீற்றின் அடியில் கையை விட்டாள். இந்தப் பக்கம் தடவினாள். அந்தப் பக்கம் தடவினாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது, சாஹுல் ஹமீட் முப்பத்துமூன்று வருடமாகக் காணாத வெளிச்சம். அதைத் தன் காருக்கான சந்தோசம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"பழைய சீற் எங்க?"

"அதெல்லாம் புதுசு. சீவரத்தினம் தச்சது. இருந்து பாரன்."

"பழசு எங்க எண்டு கேக்கிறன்."

"எரிச்சுப் போட்டம். ஏன்?"

வெளிச்சம் போய்விட்டது. அவள் கையை எடுக்கவில்லை.

"அதில நீல நூலால தச்சிருந்திச்சா?"

 "அது வின்சன்ட் தச்சதில்லையா?" என்று கேட்டார். தன் குரல் யாரோ கெஞ்சுகிற மாதிரி அவருக்கே கேட்டது.

"நான் தச்சன்" என்றாள் நசீறா. "நீங்களும் அண்ணனும் முற்றத்தில கதைச்சுக்கொண்டு நிண்டீங்க. வீட்டில வைக்கப் பூட்டு இல்ல, வள்ளத்தில கொண்டு போக மழை வேற. கார் கொட்டிலுக்குள்ளதானே நிக்கப் போவுது எண்டு திரேசம்மாக்காட்ட ஊசியும் நூலும் வாங்கினன். பொலித்தீன் பையில நல்லாச் சுத்தித்தான் வச்சன். நனையாம. அலுமாரியில இருந்த அவட படத்த."

ஒழுங்கைப் பிள்ளைகள் ஹோர்னை அமத்தி விளையாடினார்கள். அவர்களைத் துரத்த யாருக்கும் தோன்றவில்லை.

"ஏன் புள்ள எனக்குச் சொல்லல்ல? இத்தன வருசம் நான் படம் படம் எண்டு அடிச்சுக்கொண்டனே!"

"எப்பிடிச் சொல்ல? அவள அடக்கிட்டு வந்து நீங்க இருந்த இருப்புக்கு, சொல்லியிருந்தா அடுத்த வள்ளத்தில போயிருப்பீங்க. போனவங்க ஆரு திரும்பி வந்த? புள்ளையக் குடுத்திட்டு உங்களையும் குடுக்கச் சொல்றீங்களா? பிறகு காரையும் இயக்கத்தாக்கள் கொண்டு போயிட்டாங்க எண்டு வின்சன்ட் அண்ணன் கடிதம் போட்டார். அதுக்குப் பிறகு சொல்லி என்ன?" அவள் மூச்செடுத்தாள். "காரக் கண்டன் எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே நீங்க. ஒரே ஒரு சொல்."

அவர் பிள்ளைகளைக் காரிலிருந்து இறக்கிவிட்டு, அவளுக்கு முன்கதவைத் திறந்து பிடித்தார். 

அந்தக் காரிலேயே இரண்டு பேரும் பட்டறைக்குப் போனார்கள். பின்னால் கறுத்த வட்டம் ஒன்று கிடந்தது, மேலே மழை பெய்து புல்லும் முளைத்திருந்தது. சாஹுல் ஹமீட் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் கிண்டினார். கரியும் துருப்பிடித்த கம்பித் துண்டும் வந்தன. சீவரத்தினத்துக்கு விசயம் தெரிந்ததும் அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அப்பவே கேட்டனான், நானா. பழசு வச்சிருக்கவோ எண்டு கேட்டனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நசீறாதான் அவரைத் தோளில் தொட்டு எழுப்பினாள்.

வரும் வழியில் தாம்போதி தாண்டியதும் அவர் காரை ஓரங்கட்டினார். அதற்கு மேல் ஓட்ட ஏலவில்லை. முன் சீற்றில் அவருக்கு இடப்பக்கம் நசீறா இருந்தாள்.

"ஒண்டு சொல்லட்டா?" என்றாள். "அவட முகம் எனக்கு மறந்துகொண்டு வந்திச்சு. ஆனாப் பயம் இருக்கல்ல. எங்கயோ ஒரு மூலையில, அந்தப் பைக்குள்ள, முகம் பத்திரமாக் கிடக்குதானே எண்டு இருந்தன். இனி எங்க எண்டு வைப்பன்?"

அவர் அழுதார். வெட்கப்படாமல், சத்தமாக, தெருவில் போன மீன்வண்டிக்காரன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கிற அளவுக்கு அழுதார். அவள் அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எதையோ தேடுகிறவள்போல் இருந்தாள்.

"நெத்தி உங்கட நெத்தி" என்றாள் மெல்ல. "அகலம். புருவம் என்ட உம்மாட. சிரிச்சா இடது கன்னத்தில குழி விழும். இடதுதானே?"

சாஹுல் ஹமீட் பக்கத்துச் சீற்றைப் பார்த்தார். பிள்ளை அங்கேதான் நிற்பாள், தெருவைப் பார்த்தபடி. ஹோர்னை அமத்திவிட்டுத் திரும்பினால் அவர் பக்கமாக இருப்பது வலது கன்னம். அந்தக் கன்னத்தில்தான் குழி விழும். அதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். மகளின் முகத்தில் அவருக்கு இன்னும் நிச்சயமாகத் தெரிந்தது அந்த ஒன்றுதான். எடுத்துப் பார்த்துச் சரிபிழை சொல்லப் படம் இல்லை, அதை அவரே பற்றவைத்துவிட்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு முகத்தை வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டுவதா?

"சொல்லுங்களன். இடதுதானே?"

"ஓம் புள்ள" என்றார் அவர். "இடதுதான்."