டீசல் டேங்க்கும் வலைக்கயிறும்

என் கணவரை நான் ஊர் கேட்கத் திட்டியது ஒரே ஒரு நாள்தான். 2009இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, சிதம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலில், தெருவே வேடிக்கை பார்க்கத் திட்டினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதில் ஒரு வார்த்தையைக்கூட வாபஸ் வாங்க மாட்டேன்.

எங்களிடம் பழைய டீசல் வேன் ஒன்று இருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை பன்னிரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், கடலூர் ரோட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் விடுவார் அவர். அதில் எங்கள் மகளும் ஒருத்தி. ஞாயிறு விடியற்காலையில் பின் சீட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு, கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போய் மீன் பெட்டிகளை ஏற்றிவந்து சிதம்பரம் மார்க்கெட்டில் இறக்குவார். அதற்கப்புறம் வண்டியைக் கழுவுவது என் வேலை. மறுநாள் பிள்ளைகள் மூக்கைப் பொத்தக் கூடாதே! சோப்புத்தூள், பினாயில், எலுமிச்சைத் தோல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுத் தேய்ப்பேன்.

அன்றைக்குத் தண்ணீர்க் குழாயை வண்டிக்கு அடியில் நீட்டக் குனிந்தேன். டீசல் டேங்க்கைச் சுற்றிப் பச்சையாக ஏதோ தெரிந்தது. வலைக்கயிறு. டேங்க்கைத் தாங்க வேண்டிய இரும்புச் சட்டம் இரண்டில் ஒன்று துருப்பிடித்து அற்றுப்போயிருந்தது. அந்தப் பக்கம் டேங்க், துறைமுகத்தில் பொறுக்கிவந்த நைலான் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, என்னாங்க இது?"

காபி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். "அதுவா? சப்போர்ட்டு துரு புடிச்சுப் போச்சு. மூணு வாரமா கட்டிதான் ஓட்டுறேன். வண்டிய ஆர்.டி.ஓ.கிட்ட காட்டுற எஃப்.சி. வருதுல்ல, அப்பப் பாத்துக்கலாம்."

மூன்று வாரம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், நீ மனுசனாய்யா? பன்னெண்டு புள்ளைங்கள்ல ஒண்ணு நீ பெத்ததுய்யா!" என்று ஆரம்பித்தேன். கல்யாணமாகி அதுவரை அவரை யோவ் என்று நான் கூப்பிட்டதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து சமாதானம் செய்தார்கள். ஒன்றும் எடுபடவில்லை.

அதே தெருவில் குடியிருந்த மெக்கானிக்கைக் கூட்டிவரச் செய்தேன். அவர் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, பார்வைக்கு நன்றாக இருந்த இன்னொரு சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். போன எஃப்.சி.க்கு அடித்த கறுப்புப் பெயிண்டோடு சேர்ந்து அப்பளம்போல் நொறுங்கி விழுந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

"இது தானா போவலக்கா. மேல பாருங்க, பலகையில ரெண்டு ஓட்ட. மீன் பெட்டி உப்புத்தண்ணி நேரா இதும் மேலதான் ஊத்தியிருக்கு. எந்தப் புண்ணியவான் போட்ட ஓட்ட இது?"

மீன் தண்ணீர் உள்ளே தேங்கி நாறுகிறதென்று போன வருடம் சண்டை போட்டு, தரையில் ஓட்டை போடச் சொன்னவள் நான்தான். அடியில் என்ன இருக்கிறதென்று அவரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"டேங்க எறக்கி ஓரமா வெச்சிட்டுதான் வெல்டிங் வெப்பேன். இரும்புக் கட இன்னிக்கி லீவு. நாளைக்கி முழுநாள் வண்டி என்கிட்ட நிக்கணும்" என்றார் மெக்கானிக்.

"நாளைக்கிப் பரீட்ச. காலையில ஒரு நடை வுட்டுட்டுக் கொண்டாறேன். கயிறு தாங்கும்" என்றார் என் கணவர்.

வண்டிச் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்போதுதான் அவருக்கும் கோபம் வந்தது.

"ஓட்ட போடச் சொன்னது யாருடி? நீதான?"

"ஆமாய்யா, நான்தான். அதனாலதான் சாவி தர மாட்டேன்."

பிறகு, "சரி, எல்லா வீட்டுலயும் பேட்டரி டவுனுன்னு சொல்லிடு" என்றார். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. செய்ததே தப்பு, அதற்கு மேல் ஒரு பொய்யா? மத்தியானச் சோறுகூடச் சாப்பிடாமல் கிளம்பி, பிள்ளைகளின் வீடு ஒவ்வொன்றுக்கும் போனேன். டேங்க் தாங்கி அற்றுவிட்டது, மூன்று வாரமாகக் கயிற்றைக் கட்டி ஓட்டியிருக்கிறோம், தப்பு எங்கள்மேல்தான், நாளைக்கு மட்டும் பஸ்ஸில் அனுப்புங்கள் என்று உள்ளது உள்ளபடி சொன்னேன். கயிற்றுக்காக ஒருவரும் கோபப்படவில்லை. "பரீட்ச அன்னிக்கா நிறுத்துவாங்க?" என்று கேட்காத வீடு இல்லை. ஒரு அப்பா, "மூணு வாரம் தாங்குன கயிறு ஒரு நாள் தாங்காதாம்மா?" என்றார். செருப்பைக் கழற்றாத குறையாக வெளியே வந்தேன்.

திங்கட்கிழமை முழுக்க நான் மெக்கானிக் கடையில் நின்றேன். டேங்க் இறங்கியது. பழைய சட்டங்களின் மிச்சத்தை அறுத்தெறிந்தார். கனமான ஆங்கிள் இரும்பு இரண்டை சேசிஸில் வைத்துப் பற்றவைத்து, மேலே ரப்பர் ஷீட் போட்டு, டேங்க்கை ஏற்றிப் பட்டையால் இறுக்கினார். ஓட்டைகளை அடைத்து, மீன் தண்ணீர் வண்டியின் பின்பக்கம் போய் விழ ஒரு குழாய் வைத்தார். அந்த டேங்க்கை நானே இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள நானும் கூடப் போனேன். தெற்கு வீதி முனையில், எப்போதும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்காரும் இரண்டாம் வகுப்புப் பெண் வேறொரு வேனில் ஏறிக்கொண்டிருந்தாள். எங்கள் வண்டியைவிடப் பழைய வேன் அது. படிக்கட்டிலேயே துரு தெரிந்தது. நான் இறங்கி ஓடினேன்.

"ஏம்மா, நம்ம வண்டி ரெடியாயிடுச்சே. புது இரும்பு போட்டாச்சு."

அவளுடைய அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "இல்லக்கா, பயமா இருக்குது. உங்க வண்டியிலதான டேங்க் அந்து போச்சு. இவரு வண்டியில அதுமாதிரி ஒண்ணும் சொல்லலியே."

நல்லதுக்குக் காலமில்லை என்பார்களே, அதைக் காதால் கேட்டேன். அந்த வண்டியின் கதவை ஓங்கித் தட்டினேன். டிரைவர் எனக்குத் தெரிந்த பையன்தான், எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறான்.

"தம்பி, எறங்கு. ஒரே ஒரு தடவ அடியில குனிஞ்சு டேங்க்கப் பாத்துட்டு எடு."

அவன் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"வேணாங்க்கா. பாத்தா உங்கள மாதிரி நிறுத்த வேண்டி வரும்" என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டான்.