வேங்கிக்கால் பலகையில் எட்டாகிப்போன மூன்று

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை திருவண்ணாமலை போனேன். கோயிலுக்கோ கிரிவலத்துக்கோ இல்லை, நான் வரைந்த எழுத்துரு ஒன்றைப் பற்றி வந்த புகாருக்காக. பெயர் 'குண்டு மாங்காய்'. பழைய சினிமா போஸ்டர் சாயலில் தடித்து, வயிறு உப்பி, லேசாக ஆடும் எழுத்துகள்.

புகார் எழுதியவர் கலைவாணி. தனியார் வேலையை விட்டுவிட்டு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பக்கம், மதியச் சாப்பாட்டுக் கடை தொடங்கியவர். அலுவலகங்களிலிருந்து போனில் வரும் ஆர்டரை நம்பித்தான் கடையே. பலகை முழுக்க, போன் நம்பர் உட்பட, என் எழுத்துரு. பதினேழு நாளாக போன் ஒலிக்கவில்லை என்றார்.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை 5.40-க்குப் பேருந்து, கட்டணம் 180 ரூபாய். செஞ்சியில் பத்து நிமிடம் டீக்கு நின்றது. (டீ சுமார்தான்.) 10.05-க்கு இறங்கினேன். வேங்கிக்காலுக்கு நாலு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் 150 கேட்டு 120-க்கு வந்தார். கடையின் பெயரைச் சொன்னதும், "அந்த குண்டு எழுத்து கடைங்களா?" என்றார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

நடந்ததைக் கலைவாணி சொன்னார். திங்கட்கிழமை மனு கொடுக்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மா, பலகையைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்குள் வந்திருக்கிறார். "ஏங்க, என் நம்பர ஏன் போட்டு வச்சிருக்கீங்க? தெனம் பத்து பேரு எங்கிட்ட சாப்பாடு கேக்கறாங்க." இருவரும் சாலையில் நின்று படித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்திருக்கிறது. கடை எண்ணில் இருந்த மூன்று, எட்டாகத் தெரிந்திருக்கிறது.

அச்சகத்தில் எழுத்தை நசுக்கியிருப்பார்கள் என்று சொல்லும் உத்தேசத்தில்தான் போயிருந்தேன். எதிர்ப்பக்கம் போய் நின்று எண்ணை வாய்விட்டுப் படித்தேன். நான்காவது இலக்கத்தில் என் வாயிலும் எட்டு என்றே வந்தது. எழுத்து நசுங்கவில்லை. நான் வரைந்தபடியேதான் இருந்தது. பக்கத்தில் கலைவாணி நின்றிருந்தார். அதுதான் சங்கடமாக இருந்தது.

பலகையையே மாற்றிவிடலாம் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை.

"பேரு அப்படியே இருக்கட்டுங்க. ஸ்கூல் பசங்க அத பாத்துட்டுதான் நிக்குதுங்க. நம்பர மட்டும் புரியற மாதிரி போட்டுக் குடுங்க."

அருகிலிருந்த அச்சகத்தில் சாதாரண எழுத்தில் எண்ணை அடித்து, 12.30-க்குப் பழைய எண்ணின் மேல் ஒட்டினோம். 1.10-க்கு ஒரே ஒரு அழைப்பு, மூன்று சாப்பாட்டுக்கு. கலைவாணி எழுதிக்கொண்டு, சாம்பார் ஜாஸ்தி வேணுமா என்று கேட்டார். நானும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு 2.45 பேருந்தைப் பிடித்தேன்.

போகிறவர்கள் பௌர்ணமியைத் தவிர்த்தால் பேருந்தில் உட்கார இடம் கிடைக்கும். வேங்கிக்காலில் திங்கட்கிழமை மனு கொடுக்க வருபவர்களின் கூட்டம் இருக்கும்.

இந்த எழுத்துரு வேண்டுமென்பவர்களுக்கு: கடைப் பெயர், ஐஸ்கிரீம் வண்டி, பள்ளி விழா, பொட்டலத்தின் முகப்பு, எல்லாவற்றுக்கும் பொருந்தும். இரண்டு மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போன் நம்பர், விலை, முகவரிக்கு வேண்டாம். அடித்த பிறகு சாலையைக் கடந்து நின்று ஒருமுறை படியுங்கள். ஐந்து மாதம் உட்கார்ந்து வரைந்த நான் அதை ஒருநாளும் செய்ததில்லை.