ஹெகாய் என்ற பெயர்

உஷ்தோபேயில் ஹெகாய் என்ற குடும்பப்பெயர் இருந்தால் அநேகமாகப் பங்காளிதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் சோவியத் அரசாங்கத்தார் கிழக்கு எல்லையிலிருந்த எங்கள் கொரியக்காரர்களை ரயிலேற்றிக் கொண்டுவந்து இந்தக் கஜாக் பொட்டலில் தள்ளினார்கள். வீடு போயிற்று, நிலம் போயிற்று, பேச்சும் பாதி போயிற்று. குடும்பப்பெயரும் அதன் பூர்வீக ஊரும் மட்டும் போகவில்லை. அவை இரண்டும் ஒன்றானால் அண்ணன் தங்கை முறை. கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை.

இருபத்திரண்டு வயதில் ரிம்மா ஹெகாய் மனசைக் கொடுத்தது ட்ரோஃபிம் ஹெகாயிடம். வெங்காய வயலில் களையெடுத்தபோது ஏற்பட்ட பழக்கம். விஷயம் தெரிந்ததும் அவள் அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: எந்த ஊர் ஹெகாய்? பையனின் அப்பா மத்வேய் தலையைக் குனிந்துகொண்டு அதே ஊரைச் சொன்னார். அத்தோடு முடிந்தது. ட்ரோஃபிமுக்கு வேறு இடத்தில் பெண்ணெடுத்தார்கள், பிள்ளைகளும் பிறந்தார்கள். ரிம்மா வந்த வரனையெல்லாம் தட்டிக்கழித்தாள். அவன் கல்யாண விருந்துக்கு, பங்காளி வீட்டுப் பெண்ணாக, நூடுல்ஸ் மாவு பிசைந்தவளும் அவள்தான். கல்நெஞ்சக்காரி என்றது ஊர். ஊருக்கென்ன, வாய் இருக்கிறது.

இருபத்தெட்டு வருஷம் கழித்து மத்வேய் படுக்கையில் விழுந்தார். மருமகளுக்குச் சந்தையில் கடை. கஞ்சி ஊட்ட ரிம்மாதான் வந்தாள். ஒரு மத்தியானம் கிழவர் கரண்டியைத் தள்ளிவிட்டுப் பேசினார்.

"நான் ஹெகாய் இல்ல, ரிம்மா. ரயில்லயே எங்க அப்பா அம்மா செத்துட்டாங்க. எனக்கு அஞ்சு வயசு. பக்கத்துல இருந்த ஹெகாய் வீட்டம்மா அவங்க புள்ளைன்னு எழுதிக் குடுத்தாங்க. பொய்க் காகிதம்னு தெரிஞ்சிருந்தா குடும்பத்தையே உள்ள போட்டிருப்பாங்க. வெளிய சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன்."

"அப்ப உங்க பேருதான் என்ன, பெரியப்பா?"

"மறந்துபோச்சும்மா."

ரிம்மா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அன்றைக்கு என் அப்பா கேட்டபோது வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டேவிட்டாள். கிழவர் அழுதார். அழுகிறவரை என்ன செய்வது? வாயைத் துடைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவர் போய்விட்டார். கல்லறைக் கல்லில் பொறிக்கப் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். ட்ரோஃபிம் பென்சிலோடு அவளிடம் வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அப்பா கடைசியா உன்கிட்டதான் பேசினாராமே. என்ன சொன்னாரு?"

சொன்னால் அவனும் கிடந்து வேக வேண்டும். போன வாழ்க்கை திரும்பியா வரப்போகிறது?

"ஒண்ணும் சொல்லல. ஹெகாய்னு எழுதுங்க, அண்ணா" என்றாள் ரிம்மா.