குட்டன் பிறாண்டிய தேக்குக் கதவு

அந்தக் கதவைக் கெடுத்தது நான்தான். பிறாண்டியது நாய் என்பது உண்மையே. ஆனால் பிறாண்டப் பழக்கியவன் நான்! சொல்ல வேண்டியவளிடம் சொல்லத் துணிவில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

நான் சாதாரண ஆள் இல்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து, தம்பானூரில் தேநீர் விற்று, பாத்திரக்கடை வைத்து, இந்தத் திருவனந்தபுரத்தில் மாடிவீடு கட்டியவன்! கதவுக்கான தேக்கைத் தட்டிப் பார்த்து வாங்கியதும் நானே.

மாடியில் ஷீபா குடியிருக்கிறாள். விதுரா என்ற ஊர்க்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். தனியாக இருந்தவளுக்குத் துணை, குட்டன் என்ற நாய். நாயால் வரும் சேதத்துக்குக் குடியிருப்பவரே பொறுப்பு என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். என் சாமர்த்தியத்தைத் தெருவில் யாரிடம் சொல்லாமல் விட்டேன்!

அவள் வேலைக்குப் போனதும் குட்டன் படியிறங்கி என் பின்கதவருகே வந்து உட்காருவான். அந்தக் கண்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்... ஒருநாள் கதவை லேசாகப் பிறாண்டினான். காலைப் புட்டில் ஒரு துண்டு கொடுத்தேன். மறுநாளும் பிறாண்டினான், மறுநாளும் கொடுத்தேன். என் கையை நக்கிவிட்டுத்தான் போவான்.

கதவின் அடிப்பாகம் துருவிய தேங்காய்ச் சிரட்டை போலாயிற்று. ஷீபா பார்த்துப் பதறிப்போனாள். உப்புத்தாளும் வார்னிஷும் வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை முழுதும் குனிந்திருந்து தேய்த்தாள். நான் நாற்காலியில் அமர்ந்து, இங்கே தேய், அங்கே தேய் என்றேன். அப்போதாவது சொன்னேனா? திங்கட்கிழமை குட்டன் பிறாண்டினான். நான் புட்டுக் கொடுத்தேன்.

இரண்டாம் முறை தேய்த்து முடித்தபோது அவள் சொன்னாள்: "இவனுக்கு இந்தக் கதவுமேல என்ன தேஷ்யமோ மாமா. விதுராவுல அம்மைகிட்ட கொண்டு விட்டிருதேன். ஒப்பந்தத்துல கையொப்பிட்ட காரியம்லா, எனக்க பொறுப்புதானே."

கோபமா! அவனுக்கா!

ஒரு வார்த்தை போதும், குட்டன் இங்கேயே இருந்திருப்பான். ஆனால் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் ஒரு நாய்க்கு இளகிப்போனான் என்று சிரிப்பார்களே... "பாத்துச் செய்யி மக்களே" என்றேன்.

ஆட்டோவில் ஏறிய பிறகும் குட்டன் என்னைப் பார்த்துத்தான் வாலாட்டினான்.

இப்போது கதவு பளபளக்கிறது. யாருமில்லாத மாடிக்கு ஷீபா தளர்ந்து ஏறும் ஓசை மட்டும் கேட்கிறது. காலையில் புட்டு எனக்கு இறங்குவதில்லை.

போன வாரம் ஊரிலிருந்து மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்து தந்தாள். "வேற ஆளுன்னா வீட்டை ஒழியச் சொல்லியிருப்பாவ. மாமாவுக்கு நல்ல மனசு" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "அவன் அங்கயும் கதவைப் பிறாண்டுகான். அம்மை தொறந்தா, கையைக் கையைப் பாக்கானாம். எதுக்குன்னுதான் தெரியல்ல" என்றாள்.

எதற்கென்று எனக்குத் தெரியும்.

மரச்சீனியை வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தினேன்.